லோடு, காலி

பரதராமி தாண்டி
இரண்டு மாநிலத்துப் பலகைகளுக்கும் நடுவே
எங்கள் எடைமேடை.
ஜூன் மாதம் கிளிமூக்கு மாங்காய் லாரிகள்
விடிய விடிய வரும்.
சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை.
பெயர் கெங்காதேவி. சீட்டின் அடியில்
கே. தேவி என்றுதான் விழும், இடம் போதாது.

கம்ப்யூட்டரோடு பேச
எந்த மொழியை முதலில் படிக்கலாம் என்று
மூன்று பேரைக் கேட்டேன்.

சித்தூர் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஹேமாத்ரி
"சி" என்றான்.
அஸ்திவாரம் இல்லாமல் சுவர் எழுப்பக் கூடாதாம்.
அவனுக்கு அரியர் எந்தப் பேப்பரில் என்று
நான் கேட்கவில்லை.
ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் மஞ்சுளவாணி
"ஜாவாதாண்டி சோறு போடும்" என்று
குரலை அனுப்பினாள், பாதி பஸ் ஹாரன்.
பிரிண்டருக்கு மை ஊற்ற வரும் இலியாஸ்
"பைத்தான் எடு,
அரைப்புள்ளி மறந்தாலும் கோவிச்சுக்காது" என்றார்.

எதற்குப் படிக்கிறாய் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி டேட்டாவில் மிச்சம் நூறு எம்.பி.
ஜாவா பாதி வழியில் நின்றுகொண்டது.
பைத்தான் சின்ன உருப்படி,
பன்னிரண்டு அடிக்குமுன் இறங்கி உட்கார்ந்துவிட்டது.
நான் தேர்ந்தெடுத்த லட்சணம் இது.

பள்ளியில் சேர்த்தபோதும் இதே கதை.
தாய்மொழி என்ற கட்டத்தில்
ஒரு சொல்லுக்கு மேல் நுழையாது.
தெலுங்குப் பள்ளிக்கு ஏரியைச் சுற்ற வேண்டும்,
தமிழ்ப் பள்ளி தெருமுனையில்.
அப்பா தமிழ் என்று எழுதிவிட்டு
சைக்கிளை எடுத்தார்.
இன்றைக்கும் எழுத்து தமிழில்,
சண்டை எதிராளியின் மொழியில்.
ரூபாய்க் கட்டு கைக்கு வந்தால் மட்டும்
உதடு தானாக அந்தப் பக்கம் போய்விடும்:
ஒக்கட்டி, ரெண்டு, மூடு.

புது மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணியது.
எல்லோரும் அங்கேதான் முழிப்பார்களாம்.
எனக்கு அது புதிதா என்ன?
வண்டி ஏறுமுன் மேடை பூஜ்யம் காட்ட வேண்டும்.
சேறு இருந்தால் கழுவி,
கறுப்பு நாய் படுத்திருந்தால் பிஸ்கட் காட்டி இறக்கி,
பூஜ்யம் வந்த பிறகுதான் கையசைப்பேன்.

மூன்றாம் நாள் என் முதல் கணக்கு.
பெட்டிகளுக்குப் பெயர் வைக்கச் சொன்னது.
லோடு என்று ஒன்று. காலி என்று ஒன்று.
ஆங்கில எழுத்தில் தட்டிய பிறகுதான் உறைத்தது,
காலி இரண்டு பக்கமும் காலிதான்.
எந்த ஊர் டிரைவரும் அர்த்தம் கேட்க மாட்டான்.

பதினாறாயிரத்து நானூற்று எண்பது என்று தந்தேன்.
கழிக்க முடியாது என்றது, சிவப்பு எழுத்தில்.
நான் தந்தது எண் இல்லையாம்,
எண் மாதிரி இருக்கிற எழுத்தாம்.
ஒரு மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு, இது எண், நம்பு என்று
அதன் பாஷையில் ஒரு வார்த்தை சேர்த்தேன்.
நம்பியது.

ஒன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது கிலோ.
பழைய மெஷின் அடித்த சீட்டும் அதையே சொன்னது.
கத்தலாம் போலிருந்தது. வெளியே
லாரியும் நாயும்தான்.

டிரைவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
கிளீனரைக் கூப்பிட்டார்.
டீக்கடையிலிருந்து ஓடி வந்தான் பையன்.
லோடோடு ஏறியபோது
அவன் கேபினில் தூங்கிக்கொண்டிருந்தான்.
காலியாக ஏறியபோது டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அரை நூறு கிலோ இருப்பான்.
மாங்காயோடு மாங்காயாகக்
கூழ் ஃபேக்டரிக் கணக்கில் சேர்ந்துவிட்டான்.
கணக்கு சரி. இரண்டு மெஷினும் சாட்சி.

அடுத்த லாரி ஹாரன் அடிக்கிறது.
காலிக்குக் கீழே
இன்னொரு பெட்டி திறந்து வைத்திருக்கிறேன்,
பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.